கரைக்கு வந்த குரல் – 17: தொண்ணூற்றெட்டு நாற்பத்திரண்டு

2018 பிப்ரவரி 21, புதன்கிழமை. ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் காலையிலேயே கூட்டம். அப்துல் கலாமின் குடும்ப வீட்டுக்குப் போய்விட்டு கமல்ஹாசன் தன் அரசியல் பயணத்தைத் தொடங்குகிறார். ராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரைக்குப் போய், இரவு பொதுக்கூட்டத்தில் கட்சியின் பெயரை அறிவிக்கப்போகிறார். மாவட்டமே அந்தப் பேச்சில் இருந்தது.

அதே நாளில், தமிழ்நாடு முழுக்க ஏர்செல் வைத்திருந்தவர்களின் போனில் சிக்னல் கோடுகள் விழத் தொடங்கின. கூப்பிட்டால் போகவில்லை, கூப்பிடுபவர்களுக்கும் கிடைக்கவில்லை. சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டினார்கள். மொட்டை மாடிக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். மறுநாள் ஏர்செல் கடைகளின் வாசலில் கூட்டம் நின்றது. தன் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வந்தவர்கள், பக்கத்தில் நிற்பவரின் போனும் அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் கம்பெனியே படுத்துவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, ஏர்செல் திவால் மனு போட்டது.

போன வாரம் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளோடு நிறுத்தியிருந்தோம். அந்தப் பூத்துகளை இந்த ராமநாதபுரம் கரையிலிருந்து காலி செய்தது செல்போன். அதைத் தமிழ்நாட்டின் சின்ன ஊர்கள்வரை கொண்டு வந்ததில் ஏர்செல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் அதன் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அது எப்படி வந்தது, ஏன் விற்கப்பட்டது, விற்ற பிறகு யாருக்காக ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்கு எண்களை வைத்தே தொடங்கலாம்: 9840, 9841, 9842, 9843. பழைய டைரி வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்த்தால் தெரியும். 9840 என்றால் சென்னை ஸ்கைசெல். 9841 என்றால் சென்னை ஆர்.பி.ஜி. செல்லுலார். சென்னையைத் தாண்டிய தமிழ்நாட்டில் 9842 ஏர்செல், 9843 பி.பி.எல். எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைக் கேட்டாலே ஆள் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். இந்த நான்கு கம்பெனிகளில் ஒன்றுகூட இன்று தன் பெயரில் இல்லை.

1994-ல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. முதலில் நான்கு பெருநகரங்களுக்கு, நகரத்துக்கு இரண்டு கம்பெனி வீதம் உரிமம் கொடுத்தார்கள். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அன்று நிமிடக் கட்டணம் 16 ரூபாய் 80 காசு வரை போனது. பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்துக் கேட்டாலும் காசு.

பெருநகரங்கள் நீங்கலாக மற்ற பகுதிகளை வட்டங்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். தமிழ்நாடு 'ஏ' பிரிவு வட்டம். சென்னை அதில் சேராது. இந்தப் பிரிவினை நம் ஊர்க்காரர்களை வெகுகாலம் படுத்தியது. ராமநாதபுரத்தில் வாங்கிய சிம்மோடு சேது எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னையில் இறங்கினால் அங்கே ரோமிங். ஒரே மாநிலத்துக்குள்ளேயே நம் ஆள் வெளியூர்க்காரனாக எண்ணப்பட்டான். 2005-ல்தான் இரண்டு வட்டமும் ஒன்றாயின.

தமிழ்நாடு வட்டத்தில் ஓர் உரிமம் பி.பி.எல்-லுக்குப் போனது. இன்னொன்றை ஸ்ரீனிவாஸ் செல்காம் என்ற கம்பெனி பெற்றது. அந்தப் பெயர் இன்று யார் நினைவிலும் இருக்காது. ஏலம் கேட்டவர்கள் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத காலத்தில், ஆண்டுக்கு இத்தனை கோடி கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க அந்தக் கட்டணம் கம்பெனிகளின் கழுத்தை நெரித்தது. அந்த நெருக்கடிக் காலத்தில் ஸ்ரீனிவாஸ் செல்காமைக் கையில் எடுத்து, ஏர்செல் என்று பெயர் மாற்றியவர் சி. சிவசங்கரன்.

தமிழ்த் தொழிலதிபர்களில் அவர் தனி ரகம். 1980-களில் கம்ப்யூட்டர் என்பது பெரிய அலுவலகச் சாமானாக இருந்தபோது, 'சிவா பி.சி.' என்று 33,000 ரூபாய்க்குச் சந்தையில் இறக்கி மற்றவர்களை விலை குறைக்க வைத்தவர். டெல்லியில் ஸ்டெர்லிங் செல்லுலார் என்ற செல்போன் கம்பெனியை வைத்திருந்து எஸ்ஸார் குழுமத்துக்கு விற்றவர். மலிவாகக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது, சேர்ந்த பிறகு நல்ல விலைக்கு விற்பது என்ற இரண்டும் அவருக்குக் கைவந்தவை. ஏர்செல்லிலும் அந்த இரண்டும் நடந்தன.

1999 ஏப்ரலில் ஏர்செல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அரசு பழைய உரிமக் கட்டண முறையைக் கைவிட்டு, வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று மாற்றியது. பிறந்து நாலு மாதக் குழந்தைக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. கட்டணத்துக்காகப் பதுக்கி வைத்திருக்க வேண்டிய பணத்தைக் கோபுரம் நடுவதற்குச் செலவிட முடிந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் தமிழ்நாடு வட்டத்தில் ஏர்செல் முதலிடத்துக்கு வந்தது.

இனி கடலுக்கு வருவோம்.

ராமநாதபுரம் கரைக்குச் சேதி என்பது எப்போதுமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாம்பன் பாசஞ்சர் ரயில் கடலுக்குள் போனபோது, அது என்ன ஆனது என்பது வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. கம்பி அறுந்தால் ஊரே உலகத்தை விட்டு அறுந்துபோகும். கம்பியே இல்லாமல் பேசலாம் என்ற செய்தி மற்ற ஊர்களுக்கு வசதி என்றால், இந்தக் கரைக்கு அது வேறு பொருள் கொண்டது.

வானொலி அலைக்குக் கடல் நல்ல பாதை. தரையில் மரமும் மச்சுவீடும் மறைக்கும்; தண்ணீர்மேல் மறைக்க ஒன்றும் கிடையாது. ஊருக்குள் ஐந்தாறு கிலோமீட்டரில் தேய்ந்துபோகும் சிக்னல், கடல்மேல் வெகுதூரம் போகும். ஆனாலும் அன்றைய 2ஜி போனுக்கு ஓர் எல்லை இருந்தது: 35 கிலோமீட்டர். அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒரே அலைவரிசையை எட்டு போன்கள் முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைக்குக் கிடைப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் அரைப் பங்கைவிடச் சற்று அதிகம். தூரத்தில் இருக்கும் போனின் குரல் கோபுரத்துக்குத் தாமதமாக வந்தால் அடுத்தவர் முறையில் போய் மோதும். அதனால் தூரத்துப் போனைக் கொஞ்சம் முந்தியே அனுப்பச் சொல்லும் கோபுரம். எவ்வளவு முந்தி என்பதற்கு 63 படிகள்தான் வைத்திருந்தார்கள். படிக்குச் சுமார் 550 மீட்டர். 63 படியும் தீர்ந்தால் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சிக்னல் தெரிந்தாலும் சாதாரணக் கோபுரத்தோடு பேச முடியாது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கணக்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் நிற்கும் சுற்றுலாக்காரர்களின் போனுக்கு இலங்கைக் கம்பெனியின் வரவேற்புச் செய்தி வந்து திடுக்கிட வைப்பது இதனால்தான். 1974-ல் கடலில் போட்ட எல்லைக் கோட்டை அலைவரிசை அறியாது. இலங்கையில் செல்போன் நமக்கு முன்பே, 1989-லேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். நம் ஊரில் அமைச்சர்கள் முதல் அழைப்பு பேசுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்க்கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செல்போனும் மீனவரும் என்றாலே எல்லோரும் சொல்வது ஒரு கேரள ஆய்வை. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகளில் மத்தி விலையைப் பின்தொடர்ந்து, 2007-ல் வெளியிட்டார். போன் வருவதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார். போன் வந்த பிறகு கடலிலிருந்தே விலை கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது, வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. அருமையான ஆய்வு. ஆனால் அதை அப்படியே எடுத்து ராமேஸ்வரத்துக்குப் பொருத்துவது சரியில்லை என்பது என் எண்ணம்.

இங்கே விசைப்படகு மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்படுகிறது. எந்தக் கரையில் விலை அதிகமோ அங்கே நினைத்தபடி திருப்பிக்கொண்டு போக முடியாது. இறாலும் நண்டும் கணவாயும் பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனி ஏஜெண்டுக்குப் போகின்றன. முன்பணம் வாங்கியிருந்தால் விலை பேசும் வாயும் பாதி அடைபட்டதுதான். ஆக, மத்திக்குக் கேரளத்தில் போன் செய்ததை இறாலுக்கு இங்கே அது செய்துவிடவில்லை. அது செய்தது வேறு. இன்ஜின் பழுதாகி நடுக்கடலில் நின்றால் படகு உரிமையாளரான சம்மாட்டிக்குச் சொல்லலாம். வாடைக் காற்று ஏறுகிறது என்று கரையிலிருந்து எச்சரிக்கலாம். இலங்கைக் கடற்படை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்தப் படகைப் பிடித்தார்கள், ஆட்கள் பத்திரமா என்ற கேள்விகளுக்கு விடிவதற்குள் பதில் வரலாம். போன் வருவதற்கு முன் அந்தப் பதிலுக்காகப் பெண்கள் கரையில் காத்துக் கிடந்தார்கள். என் கணக்கில் இது எட்டு விழுக்காடு லாபத்தைவிடப் பெரியது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் போனால் இன்னொரு கதை. அங்கே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார். வெள்ளிக்கிழமை பூத் வாசலில் வரிசையில் உட்கார்ந்து அழைப்புக்குக் காத்திருந்ததைப் போன வாரம் எழுதினேன். 2003-ல் வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனது. அந்த ஒரு மாற்றம்தான் செல்போனைப் பணக்காரர் பையிலிருந்து எடுத்து இந்த வீடுகளின் அடுப்படிவரை கொண்டுபோனது. போன் வைத்திருப்பவர் பேச வேண்டாம், காசு கட்ட வேண்டாம். சவூதியிலிருந்து வரும் குரலைக் கேட்டால் போதும். பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கூப்பன் சரம் சரமாகத் தொங்கியது. நாணயத்தால் சுரண்டி எண்ணை அடிப்பார்கள். பேலன்ஸ் தீர்ந்தால் மிஸ்டு கால். அந்த மிஸ்டு காலுக்கே எத்தனை பாஷை! ஒரு மணி என்றால் வந்து சேர்ந்தேன், இரண்டு மணி என்றால் கூப்பிடு.

அந்த 2003-ல் ஏர்செல் சென்னையின் ஆர்.பி.ஜி. செல்லுலாரை வாங்கியது. 9841-ம் 9842-ம் ஒரு கைக்குள் வந்தன. 9840 அதற்கு மூன்றாண்டு முன்பே ஏர்டெல் கைக்குப் போயிருந்தது. 9843 பின்னால் எஸ்ஸார் வழியாக ஹட்ச்சுக்கும், அங்கிருந்து 2007-ல் வோடபோனுக்கும் போனது. உள்ளூர்ப் பெயர்களை அகில இந்தியப் பெயர்கள் விழுங்கிக்கொண்டிருந்த காலம். ஏர்செல்லையே ஹட்ச் வாங்க 2004-ல் பேச்சு நடந்து முறிந்தது.

அடுத்த ஆண்டு ஒரு விதி மாறியது. தொலைத்தொடர்புக் கம்பெனியில் வெளிநாட்டார் 49 விழுக்காடுதான் வைத்திருக்கலாம் என்றிருந்ததை 74 ஆக்கினார்கள். 2005 நவம்பரில் அறிவிக்கை வந்தது. டிசம்பர் முடிவதற்குள் மலேசியாவின் மேக்சிஸ் கம்பெனி ஏர்செல்லில் பங்கு வாங்கும் செய்தி வந்தது. எவ்வளவு பங்கு? சரியாக 74 விழுக்காடு. மீதி 26, அப்போலோ மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் நிறுவனத்திடம். கம்பெனியின் மொத்த மதிப்பு 108 கோடி டாலர் என்று பேசப்பட்டது. 2006 மார்ச்சில் வெளிநாட்டு முதலீட்டு அனுமதி கிடைத்தது 80 கோடி டாலருக்கு.

அன்று டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது. மொத்த மதிப்பு 4,800 கோடி ரூபாயைத் தொடும். ஏர்செல்லின் வாடிக்கையாளர்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு சிம்முக்கு இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல் விலை வைத்து வாங்கியிருக்கிறார்கள். மாதம் நூறு ரூபாய்கூட ரீசார்ஜ் செய்யாத ஆட்களும் இதில் உண்டு. அவர்கள் இனிமேல் பேசப்போகும் பேச்சுக்கும், இனிமேல் வரப்போகும் கூட்டத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது. தங்கள் எண்ணுக்கு இப்படி ஒரு விலை போனது அந்த எண்ணை வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது.

அன்று மேக்சிஸின் உரிமையாளராக இருந்தவர் த. ஆனந்தகிருஷ்ணன். 1938-ல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். மெல்பர்னிலும் ஹார்வர்டிலும் படித்தவர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழுந்ததற்குப் பின்னாலும், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிக்குப் பின்னாலும் இருந்தவர். பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து எத்தனையோ பேர் மலாயாவுக்குக் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். அந்த மலாயாவிலிருந்து ஒரு தமிழர் திரும்பி வந்து தமிழ்நாட்டுக் கம்பெனியை வாங்குகிறார் என்பதில் ஒரு பெருமிதம் இருந்தது. எனக்கும் இருந்தது.

விற்பனையைச் சுற்றி வழக்கும் வந்தது. கம்பெனியை விற்கும்படி தன்னை நெருக்கினார்கள் என்று சிவசங்கரன் சி.பி.ஐ-யிடம் சொல்ல, 2011-ல் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன், கலாநிதி மாறன், ஆனந்தகிருஷ்ணன் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது. 2017 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் மாறன் சகோதரர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. இந்த வழக்கைப் பற்றிப் பேசியவர்கள் ஆயிரம். விற்பனைக்குப் பிறகு கம்பெனி எந்தத் திசையில் போனது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏர்செல்லின் பலம் ஒரே வட்டத்தை ஊர் ஊராக அறிந்திருந்ததில் இருந்தது. கைமாறிய பிறகு அது நாடு முழுக்கப் பரவப் புறப்பட்டது. 2006 கடைசியில் 14 வட்டங்களுக்கு உரிமம் கிடைத்தது. தோனி விளம்பரத்தில் வந்தார். சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் பெயர் ஏறியது. புலியைக் காப்போம் என்று பிரச்சாரம் நடந்தது. 2010-ல் 3ஜி ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 6,499 கோடி, அகன்ற அலைவரிசை ஏலத்தில் 8 வட்டங்களுக்கு 3,438 கோடி. இரண்டும் சேர்ந்து பத்தாயிரம் கோடிக்குப் பக்கம். நான்கு ஆண்டு முன் முழுக் கம்பெனிக்கும் போட்ட மதிப்பைப்போல் இரண்டு மடங்கு, அலைவரிசைக்கு மட்டும்.

அதே 2010 ஜனவரியில், தன் 17,500 கோபுரங்களை ஜி.டி.எல். இன்ப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்குச் சுமார் 8,400 கோடிக்கு விற்கும் ஒப்பந்தம் போட்டது. அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். பல கம்பெனிகள் கோபுரத்தைத் தனியே பிரித்துக்கொண்டிருந்த காலம். ஆனால் சொந்தமாகப் படகு வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டு, அதே படகை வாடகைக்கு எடுத்துக் கடலுக்குப் போவதை நம் கரையில் யாரும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். மீன்பாடு நன்றாக இருக்கும்வரை தெரியாது. பாடு குறைந்த மாதத்திலும் வாடகை நிற்காது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. பேச்சு இலவசம் என்றது. பேச்சை விற்றே வாழ்ந்தவர்களுக்கு அன்றே தரை நழுவியது. அதற்குள் ஏர்செல் தன் 4ஜி அலைவரிசையை ஏர்டெல்லுக்கு 3,500 கோடிக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணைவதாகச் செப்டம்பர் மாதமே அறிவித்தது. 2017 அக்டோபர் 1 அன்று அந்த இணைப்பும் கைவிடப்பட்டது. 2018 ஜனவரி கடைசியில் குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் கடையை மூடியது. தமிழ்நாட்டில் மூடவில்லை, இங்கேதான் கூட்டம் இருந்தது. ஆனால் இங்கேயும் கோபுரம் அதன் கையில் இல்லை. கோபுரக்காரர்களோடு பணத் தகராறு முற்றியபோது, பிப்ரவரி 21 அன்று சிக்னல் போனது.

எங்கோ ஓடிய பந்தயத்தின் கடனுக்கு, வேண்டிய அளவு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் இருட்டில் நின்றார்கள். எத்தனை படித்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

வேறு கம்பெனிக்கு மாறலாம். 2011 ஜனவரியிலிருந்தே எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்ற வழி உண்டு. அதற்கு அந்த எண்ணிலிருந்தே PORT என்று அடித்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், திரும்பி வரும் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புவது? எந்தக் கோபுரம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு அங்கே போய் நின்றார்கள். நடு இரவில் கிடைக்கிறது என்றால் நடு இரவில் முயன்றார்கள். வங்கிக் கணக்கும் கேஸ் மானியமும் ஆதாரும் அந்தப் பத்து இலக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. வளைகுடாவில் இருப்பவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணும் அதுவே.

பெரும்பாலோர் எப்படியோ மாற்றிக்கொண்டார்கள். மண்டபம் சாலையில் ஐஸ் ஏற்றும் வண்டிகளின் பின்பலகையிலும், வலைக்கடை, கருவாட்டுக் கடை போர்டுகளிலும் பாருங்கள். பெயின்ட் பலமுறை புதுப்பித்திருப்பார்கள். அடியில் எண் மட்டும் மாறாமல் 9842 என்று தொடங்கும். அடித்தால் மணி போகும், ஆள் எடுப்பார். எந்தக் கம்பெனியின் கோபுரம் வழியாகப் போகிறது என்று அவரிடம் கேட்டால், சிம்மைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்வார்.